சல்லடை எல்லோருக்கும் ஒன்றாக இருக்கட்டும்!

வீட்டை வாடகைக்கு விடுகிறவர்கூட, வருகிறவர் யார், எந்த ஊர், என்ன தொழில் என்று நாலு வார்த்தை விசாரிக்காமல் சாவியைக் கொடுப்பதில்லை. அப்படியிருக்க, ஒரு நாடு தன் துறைமுகத்தையும், விமான நிலையத்தையும், ராணுவத்துக்கு உதிரிபாகம் செய்யும் தொழிற்சாலையையும் வெளிநாட்டுக் கம்பெனியின் கையில் ஒப்படைக்கும்போது கேள்வி கேட்காமல் இருக்க முடியுமா? கேட்டே ஆக வேண்டும். வியாபாரம் செய்ய வந்த கிழக்கிந்தியக் கம்பெனி, கோட்டை கட்டி, கொடியேற்றி, கடைசியில் நாட்டையே எழுதி வாங்கிக் கொண்ட வரலாறு நமக்குத் தெரியும். அந்நிய முதலீடு என்றவுடன் கதவை அகலத் திறந்து வைப்பது புத்திசாலித்தனம் அல்ல.

ஆனால் ஒரே வாசலில் ஒருவரிடம், 'வாடகையை ஒழுங்காகத் தருவீர்களா?' என்று கேட்டுவிட்டு, இன்னொருவரிடம் பெயரைக் கேட்ட மாத்திரத்திலேயே 'வீடு காலியில்லை' என்று சொன்னால் அதற்குப் பெயர் விசாரணையா? பெரிய நகரங்களில் வீடு தேடி அலைந்த நம் சமுதாய மக்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

அந்நிய முதலீட்டை அரசாங்கங்கள் சல்லடை போட்டுச் சலிப்பது இன்று உலகம் முழுவதும் பரவி வருகிறது. தேசப் பாதுகாப்பு என்ற பெயரில் நடக்கும் இந்தச் சலிப்பில் எங்கே நியாயம் இருக்கிறது, எங்கே அது வெறும் சந்தேகமாகச் சுருங்கி விடுகிறது என்பதை நம் மக்கள் தெரிந்து வைத்திருப்பது அவசியம். ஏனெனில் சந்தேகம் முதலில் வந்து நிற்பது யார் வாசலில் என்பது நாம் அனுபவத்தில் அறிந்ததுதான்.

துபை கம்பெனியும் ஆறு துறைமுகங்களும்

2006-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம். அமெரிக்கப் பத்திரிகைகளும் தொலைக்காட்சிகளும் அரசியல்வாதிகளும் ஒன்று சேர்ந்து அலறினார்கள். அமெரிக்கத் துறைமுகங்கள் அரபிகளின் கைக்குப் போகின்றன என்பதே அந்த அலறலின் சாரம்.

நடந்தது இதுதான். பி அண்ட் ஓ என்பது 1837-ல் தொடங்கப்பட்ட பழம்பெரும் பிரிட்டிஷ் கப்பல் நிறுவனம். துபை அரசுக்குச் சொந்தமான டி.பி. வேர்ல்டு நிறுவனம் அதைச் சுமார் 680 கோடி டாலருக்கு விலை பேசியது. பி அண்ட் ஓ வசம் உலகின் பல நாடுகளில் சரக்கு முனையங்கள் இருந்தன. அமெரிக்காவில் நியூயார்க், நியூஜெர்சி, பிலடெல்பியா, பால்டிமோர், மியாமி, நியூ ஆர்லியன்ஸ் ஆகிய ஆறு இடங்களிலும் முனையங்களை நடத்தும் உரிமை அதற்கு இருந்தது. தாய்க் கம்பெனி கை மாறியபோது இந்த உரிமைகளும் சேர்ந்து கை மாறின. அவ்வளவுதான்.

துறைமுகங்கள் விற்கப்படவில்லை. அவற்றுக்குக் காவல் நிற்பது அமெரிக்கக் கடலோரக் காவல்படை. பெட்டிகளைச் சோதிப்பது அமெரிக்கச் சுங்கத்துறை. சரக்கை ஏற்றி இறக்குவதும் அந்நாட்டுத் தொழிலாளர்களே. இவை எதுவும் மாறப் போவதில்லை. அமெரிக்க அரசின் அந்நிய முதலீட்டுக் கமிட்டி இந்தப் பேரத்தைப் பரிசீலித்து, துபை நிறுவனத்திடம் எழுத்து மூலம் உறுதிமொழிகளும் வாங்கிக் கொண்டு, 2006 ஜனவரி 17-ல் அனுமதியும் கொடுத்து விட்டது.

அதன் பிறகுதான் புயல் கிளம்பியது. செப்டம்பர் 11 தாக்குதலில் ஈடுபட்ட 19 பேரில் இருவர் அமீரகத்தைச் சேர்ந்தவர்கள் என்றார்கள். தாலிபான் அரசை அங்கீகரித்த மூன்று நாடுகளில் அமீரகமும் ஒன்று என்றார்கள். இரண்டும் உண்மைதான். ஆனால் அமெரிக்கப் போர்க்கப்பல்கள் தம் நாட்டுக்கு வெளியே அதிகம் வந்து நங்கூரமிட்ட துறைமுகம் அதே துபையின் ஜெபல் அலி என்பதும் உண்மைதானே? அதை நடத்தியது அதே கம்பெனிதானே? தங்கள் போர்க்கப்பலை நம்பி நிறுத்தலாம்; தங்கள் ஊரில் வாழைப்பழப் பெட்டியை இறக்க மட்டும் அந்தக் கம்பெனியை நம்பக் கூடாது! இதற்கு முந்தைய ஆண்டு கத்ரீனா புயலில் நியூ ஆர்லியன்ஸ் நகரமே மூழ்கியபோது அமீரகம் வழங்கிய 10 கோடி டாலரை வாங்கிக் கொள்ளவும் அமெரிக்கா தயங்கவில்லை.

நாம் என்றைக்கும் புகழ்ந்து எழுதாத அதிபர் ஜார்ஜ் புஷ், இந்த விஷயத்தில் ஒரு சரியான கேள்வியைக் கேட்டார். பிரிட்டிஷ் கம்பெனிக்கு ஓர் அளவுகோல், மத்திய கிழக்குக் கம்பெனிக்கு வேறோர் அளவுகோலா என்பதே அவர் கேள்வி. தடைச் சட்டம் வந்தால் வீட்டோ செய்வேன் என்றும் எச்சரித்தார். ஆனால் ஈராக் மீதும் ஆப்கானிஸ்தான் மீதும் படையெடுத்து, ஆண்டுக்கணக்கில் அச்சத்தை ஊதி வளர்த்தவரும் அவர்தான். வளர்த்த கடா மார்பில் பாய்ந்தது. மார்ச் 8 அன்று பிரதிநிதிகள் சபையின் நிதி ஒதுக்கீட்டுக் குழு 62-க்கு 2 என்ற கணக்கில் அந்தப் பேரத்துக்கு எதிராக வாக்களித்தது. ஆளும் குடியரசுக் கட்சி, எதிர்க்கட்சியான ஜனநாயகக் கட்சி என்ற பேதமே இல்லை. மறுநாளே துபை நிறுவனம் பின்வாங்கியது. அந்த ஆண்டு இறுதியில் ஆறு துறைமுக உரிமைகளையும் ஏ.ஐ.ஜி. என்ற அமெரிக்க நிதி நிறுவனத்தின் கிளைக்கு விற்பதாக அறிவித்தது.

இதில் ஒரு வேடிக்கையைக் கவனியுங்கள். 2008 செப்டம்பரில் இதே ஏ.ஐ.ஜி. திவாலாகும் நிலைக்கு வந்து, அமெரிக்கப் பொருளாதாரத்தையே குப்புறத் தள்ள இருந்தது. 8500 கோடி டாலர் கடன் கொடுத்து அரசு அதைத் தூக்கி நிறுத்த வேண்டியதாயிற்று. அதற்குச் சில மாதங்கள் முன்பு, 2007 நவம்பரில், தள்ளாடிக் கொண்டிருந்த சிட்டி குரூப் வங்கியில் 750 கோடி டாலர் போட்டது யார்? அபுதாபி அரசின் முதலீட்டு நிறுவனம்! அப்போது எந்தத் தொலைக்காட்சியும் அலறவில்லை. பணம் தேவைப்பட்டால் அரபி நண்பன். தேவையில்லாதபோது அரபி ஆபத்தானவன். இதுதான் பாதுகாப்பா?

கமிட்டி பிறந்த கதை

அமெரிக்காவின் அந்நிய முதலீட்டுக் கமிட்டி பிறந்ததற்கும் அரபு நாடுகளுக்கும் தொடர்பு உண்டு. 1973-ல் அரபு நாடுகள் எண்ணெய் ஆயுதத்தைக் கையில் எடுத்தபின் எண்ணெய் விலை மளமளவென ஏறியது. வளைகுடாவில் குவிந்த டாலர், மேலை நாடுகளில் நிலமும் பங்கும் வாங்கப் புறப்பட்டது. நம் சொத்தையெல்லாம் ஷேக்குகள் வாங்கி விடுவார்களோ என்ற பயம் வாஷிங்டனைப் பிடித்தது. 1975 மே மாதம் அதிபர் ஃபோர்டு ஓர் ஆணை மூலம் இந்தக் கமிட்டியை அமைத்தார். நிதித்துறை இதற்குத் தலைமை. பாதுகாப்பு, வெளியுறவு, வணிகம் முதலிய துறைகள் உறுப்பினர்கள். ஆனால் தடுக்கும் அதிகாரம் எதுவும் இல்லை. முதல் ஐந்தாண்டுகளில் இது கூடியதே பத்து முறைதான்.

1980-களில் பயம் ஜப்பான் பக்கம் திரும்பியது. கணினிச் சில்லுகள் தயாரிக்கும் ஃபேர்சைல்டு என்ற கம்பெனியை ஜப்பானின் ஃபுஜிட்சு வாங்க முற்பட்டபோது, ராணுவத்துக்கான சில்லுகள் அந்நியர் கைக்குப் போகலாமா என்று கூச்சல் எழுந்தது. 1987-ல் ஃபுஜிட்சு விலகிக் கொண்டது. இதில் விசித்திரம் என்னவென்றால், ஃபேர்சைல்டு அப்போதே அந்நியர் கையில்தான் இருந்தது. பிரெஞ்சு வேர்களைக் கொண்ட ஷ்லம்பர்ஜர் நிறுவனமே அதன் உரிமையாளர்! பிரெஞ்சுக்காரன் வைத்திருந்தால் பாதகமில்லை. ஜப்பானியன் வாங்கினால் ஆபத்து. இருபது ஆண்டுகள் கழித்து பிரிட்டிஷ்காரன் வைத்திருந்ததை அரபி வாங்கியபோது நடந்ததும் இதே கதைதான். அந்நியன் என்பதல்ல பிரச்சினை. எந்த அந்நியன் என்பதே பிரச்சினை.

அந்தக் கூச்சலின் விளைவாக 1988-ல் வந்த சட்டம், தேசப் பாதுகாப்புக்கு ஆபத்து என்று கருதினால் பேரத்தைத் தடுக்கும் அதிகாரத்தை அமெரிக்க அதிபருக்குக் கொடுத்தது. 1990-ல் மூத்த புஷ் அதை முதன்முதலாகப் பயன்படுத்தினார். விமான உதிரிபாகம் செய்யும் சியாட்டில் கம்பெனி ஒன்றை வாங்கியிருந்த சீன அரசு நிறுவனம், அதைத் திரும்ப விற்க வேண்டியதாயிற்று. வாங்குவது ஒரு வெளிநாட்டு அரசே என்றால் கூடுதலாக விசாரிக்க வேண்டும் என்ற திருத்தம் 1992-ல் வந்தது. துபை விவகாரத்தின் எதிரொலியாக 2007-ல் ஒரு சட்டம். சீனாவை மனத்தில் வைத்து 2018-ல் இன்னொரு சட்டம். கம்பெனி முழுவதையும் வாங்காமல் சிறு பங்கு வாங்கினாலும், ராணுவத் தளத்துக்கு அருகில் நிலம் வாங்கினாலும், பொதுமக்களின் அந்தரங்கத் தகவல்கள் கைக்கு எட்டும் தொழிலில் நுழைந்தாலும் இன்று கமிட்டியின் பார்வைக்கு உட்பட்டாக வேண்டும்.

நடைமுறை இப்படி: முதலில் 45 நாள் பரிசீலனை. சந்தேகம் தீரவில்லை என்றால் மேலும் 45 நாள் விசாரணை. அதற்கும் மேலே போனால் அதிபர் 15 நாளில் முடிவு சொல்ல வேண்டும். பல பேரங்கள் நிபந்தனையோடு அனுமதிக்கப்படுகின்றன. இந்தப் பிரிவுக்கு உள்நாட்டவரே பொறுப்பு வகிக்க வேண்டும், இந்தத் தகவல்கள் நாட்டுக்குள்ளேயே இருக்க வேண்டும் என்பது போன்ற நிபந்தனைகள். அதிபரே தடையாணை பிறப்பித்த பேரங்களை விரல் விட்டு எண்ணி விடலாம். ஆபத்து வாடை அடித்தவுடனேயே கம்பெனிகள் சத்தமில்லாமல் விலகி விடுவது வழக்கம்.

இன்று இது அமெரிக்காவோடு நிற்கவில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் பொது விதிமுறை 2020 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. பிரிட்டனின் தனிச் சட்டம் 2022 ஜனவரி முதல் அமலுக்கு வந்தது. இவ்வளவு காலம் 'சந்தையைத் திறந்து விடுங்கள்' என்று ஏழை நாடுகளுக்குப் பாடம் நடத்தியவர்கள்தாம் இன்று தங்கள் வாசலில் காவலாளியை உட்கார வைக்கிறார்கள்!

நியாயத்தை நியாயமாகப் பேசுவோம்

நாம் ஒரு பக்கத்தை மட்டும் பேசினால் அது நீதியாகாது. துபை பேரத்தை எதிர்த்த எல்லோருமே இனவெறியர்கள் அல்லர். டி.பி. வேர்ல்டு ஓர் அரசின் நிறுவனம். அரசு நிறுவனம் என்றால் முழு விசாரணை நடத்த வேண்டும் என்று 1992 திருத்தம் சொல்லும்போது, முதல்கட்டப் பரிசீலனையோடு ஏன் முடித்தீர்கள் என்று சிலர் கேட்டார்கள். அது நியாயமான கேள்வி. நாடாளுமன்றத்துக்கு முன்கூட்டியே சொல்லவில்லை என்ற புகாரிலும் நியாயம் இருந்தது.

துறைமுகம் என்பது பெட்டிக்கடை அல்ல என்பதும் உண்மை. பக்கத்து நாடான இலங்கை 2017-ல் அம்பாந்தோட்டைத் துறைமுகத்தை 99 ஆண்டுக் குத்தகைக்குச் சீன நிறுவனத்திடம் கொடுத்தது. 2022 ஆகஸ்டில் அங்கே சீனக் கண்காணிப்புக் கப்பல் வந்து நின்றபோது இந்தியா கவலைப்பட்டது. அந்தக் கவலையை யாரும் வெறுப்பு என்று சொல்ல மாட்டார்கள்.

அரபு நாடுகளும் தங்கள் வாசலைத் திறந்து போட்டு வைத்திருக்கவில்லை. அமீரகத்தில் சிறப்பு மண்டலங்களுக்கு வெளியே கம்பெனி தொடங்க வேண்டுமானால் 51 சதவீதப் பங்கு உள்நாட்டவர் பெயரில் இருக்க வேண்டும் என்ற விதி பல்லாண்டுகள் இருந்தது. அந்தச் சட்டம் 2021-ல்தான் தளர்த்தப்பட்டது. அங்கே கடை வைத்த நம் ஊர்க்காரர்களுக்கு இது நன்றாகவே தெரியும். மக்கா, மதீனா நகரங்களில் நிலச் சொத்து வைத்திருக்கும் கம்பெனிகளின் பங்குகளை வெளிநாட்டவர் வாங்க சவூதி அரசு 2025-ல் அனுமதித்தபோது, 49 சதவீதம் என்ற வரம்பைப் போட்டே அனுமதித்தது. தன் வீட்டைக் காக்க எல்லோருக்கும் உரிமை உண்டு.

ஆகவே, சலிக்கலாமா கூடாதா என்பதல்ல கேள்வி. எப்படிச் சலிப்பது என்பதே கேள்வி. இதற்கும் விடை அதே 2006-லேயே இருக்கிறது.

துறைமுகப் புயல் அடித்து ஓய்ந்த சில வாரங்களில் துபையின் இன்னோர் அரசு நிறுவனம் டான்காஸ்டர்ஸ் என்ற பிரிட்டிஷ் கம்பெனியை வாங்கியது. இதற்கு அமெரிக்காவில் ஒன்பது தொழிற்சாலைகள். ராணுவ டாங்கிகளுக்கும் விமானங்களுக்கும் வேண்டிய எஞ்சின் பாகங்கள் அங்கே தயாராயின. சரக்குப் பெட்டி இறக்குவதைவிடப் பல மடங்கு நுட்பமான விஷயம்! இம்முறை முழு 45 நாள் விசாரணை நடந்தது. நாடாளுமன்றத்துக்கும் தகவல் சொல்லப்பட்டது. ஏப்ரல் 28-ல் புஷ் ஒப்புதல் கொடுத்தார். கூச்சல் இல்லை. குழப்பம் இல்லை. அதே துபை, அதே ஆண்டு, அதே நாடாளுமன்றம். வித்தியாசம் என்ன? இங்கே கேள்விகள் ஒழுங்காகக் கேட்கப்பட்டன. பதில்கள் ஒழுங்காகப் பெறப்பட்டன. முறையான விசாரணை அந்நியனுக்கும் நல்லது, நாட்டுக்கும் நல்லது. முறை தவறினால் அந்த இடத்தை வதந்தி நிரப்புகிறது.

காரணத்தைச் சொல்!

இந்த வரலாற்றில் நம் சமுதாயம் குறித்து வைத்துக் கொள்ள வேண்டிய வழக்கு ஒன்று உண்டு. சீனர்கள் இருவருக்குச் சொந்தமான ரால்ஸ் என்ற கம்பெனி, 2012-ல் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் நான்கு காற்றாலைத் திட்டங்களை வாங்கியது. அருகில் கடற்படையின் பயிற்சித் தளம் இருந்தது. அந்த ஆண்டு செப்டம்பரில் அதிபர் ஒபாமா அவற்றை விற்று விட்டு வெளியேறும்படி ஆணையிட்டார். ஏன், எதற்கு என்று எதுவும் சொல்லப்படவில்லை. அதே வட்டாரத்தில் வேறு வெளிநாட்டுக் காற்றாலைகள் சுற்றுகின்றனவே, எங்களை மட்டும் ஏன் என்று கேட்டு அந்தக் கம்பெனி நீதிமன்றம் போனது.

2014 ஜூலையில் வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எது தேசப் பாதுகாப்பு என்று முடிவு செய்யும் அதிபரின் அதிகாரத்தில் நீதிமன்றம் கை வைக்கவில்லை. ஆனால் ஒருவரின் சொத்தைப் பறிக்கும் முன், ரகசியமல்லாத ஆதாரங்களையாவது அவரிடம் காட்டி, பதில் சொல்ல வாய்ப்புக் கொடுத்தாக வேண்டும் என்று அடித்துச் சொன்னது. ரகசியத்தை ரகசியமாகவே வைத்துக் கொள். ஆனால் ரகசியமல்லாததையும் மூடி வைக்காதே. இதுதான் அந்தத் தீர்ப்பின் சாரம்.

'நான் செய்த குற்றம் என்ன?' என்று கேட்டுக் கேட்டுச் சிறையில் ஆண்டுகளைத் தொலைத்தவர்களை நாம் அறிவோம். 1985-ல் வந்து 1995-ல் காலாவதியான தடாச் சட்டத்தின் கொடுமைகளை நம் சமுதாயம் மறக்கவில்லை. அங்கேயும் சொல்லப்பட்ட காரணம் தேசப் பாதுகாப்புதான். கோடிக்கணக்கில் பணமும் திறமையான வக்கீல்களும் உள்ள ஒரு கம்பெனிக்கு, அதுவும் அந்நியக் கம்பெனிக்கு, 'காரணத்தைச் சொல்' என்று கேட்கும் உரிமை உண்டு என்றால், சொந்த நாட்டுக் குடிமகனுக்கு அந்த உரிமை இல்லையா? முதலீட்டுச் சட்டம் பணக்காரர்களின் விவகாரம் என்று நாம் ஒதுங்கி நிற்க முடியாததற்கு இதுவே காரணம்.

நண்பனும் தப்பவில்லை

அளவுகோல் வளைந்தால் அது முஸ்லிமை மட்டும்தான் பாதிக்கும் என்று எண்ண வேண்டாம். ஜப்பானின் நிப்பான் ஸ்டீல் நிறுவனம் 2023 டிசம்பரில் அமெரிக்காவின் யு.எஸ். ஸ்டீல் நிறுவனத்தை 1490 கோடி டாலருக்கு வாங்க ஒப்பந்தம் செய்தது. ஜப்பான் அமெரிக்காவின் நெருங்கிய கூட்டாளி. அங்கே ஆயிரக்கணக்கான அமெரிக்கப் படையினர் முகாமிட்டிருக்கிறார்கள். ஆனால் அடுத்த ஆண்டு அதிபர் தேர்தல். அந்த உருக்கு நிறுவனத்தின் தலைமையகமோ, வெற்றி தோல்வியைத் தீர்மானிக்கும் பென்சில்வேனியா மாநிலத்தில். தொழிற்சங்கமும் எதிர்த்தது. கமிட்டியால் ஒருமித்த முடிவுக்கு வர முடியவில்லை. 2025 ஜனவரி 3 அன்று அதிபர் பைடன் தேசப் பாதுகாப்பைக் காரணம் காட்டித் தடை விதித்தார். ஆறு மாதம் கூட ஆகவில்லை. ஜூன் மாதத்தில் அதிபர் டிரம்ப் சில நிபந்தனைகளோடும், முக்கிய முடிவுகளைத் தடுக்க அரசுக்கு அதிகாரம் தரும் ஒரு 'தங்கப் பங்கோடும்' அனுமதி கொடுத்து விட்டார்.

ஜனவரியில் நாட்டுக்கு ஆபத்தாக இருந்த பேரம் ஜூனில் நாட்டுக்கு நன்மையாகி விட்டது! வாங்குகிறவரும் அவரே, விற்கிறவரும் அவரே. நாற்காலியில் இருந்தவர் மாறினார், நிபந்தனை மாறியது. தேசப் பாதுகாப்பு என்ற சொல்லுக்கு வரையறை இல்லாவிட்டால் அது ஓட்டுக்கும் பேரத்துக்கும் ஏற்ப நீளும், சுருங்கும்.

நம் வீட்டு நிலவரம்

அமெரிக்காவை அலற வைத்த அதே பேரத்தில் நம் சென்னையும் இருந்தது என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? சென்னைத் துறைமுகத்தின் கன்டெய்னர் முனையத்தை 30 ஆண்டு நடத்தும் உரிமையை 2001-ல் பெற்றது பி அண்ட் ஓ. 2006-ல் அந்த நிறுவனம் கை மாறியபோது சென்னை முனையமும் டி.பி. வேர்ல்டு வசம் வந்தது. இங்கே யாரும் தெருவில் இறங்கவில்லை. கொச்சியிலும் துபை நிறுவனம் அதற்கு முன்பே காலூன்றியிருந்தது. பெட்டிகள் வந்தன, போயின. வானம் இடிந்து விழவில்லை.

இந்தியாவும் தன் சல்லடையை வைத்திருக்கிறது. 2020 ஏப்ரல் 17 அன்று மத்திய அரசு ஓர் அறிவிப்பு வெளியிட்டது. நம்மோடு நில எல்லையைப் பகிரும் நாடுகளிலிருந்து வரும் முதலீடு எதுவானாலும் அரசின் முன் அனுமதி பெற்றே வர வேண்டும் என்றது அது. கொரோனாவால் பங்கு விலைகள் சரிந்து கிடந்த நேரம். சீன மத்திய வங்கியின் கையில் எச்.டி.எஃப்.சி. நிறுவனத்தின் பங்கு ஒரு சதவீதத்தைத் தாண்டியது என்ற செய்தி அப்போது பரபரப்பாகியிருந்தது. நெருக்கடியில் இருக்கும் கம்பெனிகளை அடிமாட்டு விலைக்கு அள்ளிக் கொண்டு போகாமல் தடுப்பதே அறிவிக்கப்பட்ட நோக்கம். அது நாடு வாரியாகப் போடப்பட்ட பொதுவிதி. சரியோ தவறோ, முன்கூட்டியே தெரிந்த விதி.

ஆனால் 2025 மே மாதம் நடந்தது வேறு வகை. துருக்கியின் செலபி நிறுவனம் சென்னை உட்பட ஒன்பது இந்திய விமான நிலையங்களில் பயணிகளின் சாமான்களையும் சரக்கையும் கையாளும் பணியில் இருந்தது. இந்திய - பாகிஸ்தான் மோதலின்போது துருக்கி அரசு பாகிஸ்தான் பக்கம் நின்றது. மே 15 அன்று, தேசப் பாதுகாப்பின் நலன் கருதி என்ற காரணத்தோடு, செலபியின் பாதுகாப்பு அனுமதி ரத்து செய்யப்பட்டது. 2022-ல் அரசே வழங்கிய அனுமதி அது. முன்னறிவிப்புக் கொடுத்து விளக்கம் கேட்க வேண்டும் என்று விதி இருக்கிறதே என நிறுவனம் டெல்லி உயர் நீதிமன்றத்தில் முறையிட்டது. அரசு தன் காரணங்களை மூடி முத்திரையிட்ட உறையில் நீதிபதியிடம் கொடுத்தது. ஜூலை 7 அன்று தனி நீதிபதி நிறுவனத்தின் மனுவைத் தள்ளுபடி செய்தார்.

விமான நிலையத்தின் உள்பகுதி வரை போய் வருகிற கம்பெனியை, போர்ச் சூழலில் அரசு மறுபரிசீலனை செய்ததைக் குறை சொல்ல நாம் வரவில்லை. உறைக்குள் என்ன இருந்தது என்று நாம் யூகிக்கவும் தயாரில்லை. அந்த முடிவு சரியாகவே இருக்கலாம். நாம் கேட்பது ஒன்றே ஒன்று. பாதிக்கப்பட்டவருக்கு ஒரு வரியாவது சொல்லாமல், ஒரு வார்த்தையாவது கேட்காமல் எடுக்கும் முடிவு சரியானதுதான் என்று நாட்டு மக்கள் எப்படித் தெரிந்து கொள்வது? அந்தக் கம்பெனியில் வேலை பார்த்தவர்களில் பெரும்பாலோர் இந்தியத் தொழிலாளர்கள். ஒரே நாளில் அவர்களுடைய வேலையும் கேள்விக்குறியானது என்பதையும் மறந்து விடக் கூடாது.

இதே உறை விவகாரத்தில் உச்ச நீதிமன்றம் தெளிவாகப் பேசியிருக்கிறது. கேரளாவின் மீடியா ஒன் தொலைக்காட்சிக்குப் பாதுகாப்பு அனுமதி மறுக்கப்பட்டு, 2022 ஜனவரியில் ஒளிபரப்பு முடக்கப்பட்டது. அங்கேயும் காரணம் மூடிய உறைக்குள். 2023 ஏப்ரல் 5-ல் தலைமை நீதிபதி சந்திரசூட், நீதிபதி ஹிமா கோலி அமர்வு அந்த மறுப்பை ரத்து செய்தது. தேசப் பாதுகாப்பு என்று வெறுங்காற்றிலிருந்து வாதம் எடுக்க முடியாது. அதைச் சொன்ன மாத்திரத்தில் இயற்கை நீதி செத்துப் போவதில்லை. மூடிய உறை அந்த நீதியை மீறுகிறது என்பதே தீர்ப்பின் சாரம். அது ஒளிபரப்பு வழக்கு. இது விமான நிலைய வழக்கு. எதிரெதிர்த் திசையில் முடிந்த வழக்குகள். உறை மட்டும் ஒன்றுதான்.

நாம் கேட்பது என்ன?

முதலாவதாக, வாங்குகிறவனின் பெயரையும் மதத்தையும் ஊரையும் பார்த்துத் தொடங்காதீர்கள். வாங்கப்படும் பொருளைப் பார்த்துத் தொடங்குங்கள். அது என்ன, அதன் மூலம் எதைத் தொட முடியும், எதைத் தெரிந்து கொள்ள முடியும், எதை நிறுத்தி வைக்க முடியும்? பிறகு, வாங்குகிறவன் யார், அவனுக்குப் பின்னால் எந்த அரசு இருக்கிறது, அவன் கடந்த கால நடத்தை என்ன என்று பாருங்கள். இந்தக் கேள்விகளை லண்டன்காரனிடமும் கேளுங்கள்; துபைக்காரனிடமும் கேளுங்கள்; டோக்கியோக்காரனிடமும் கேளுங்கள்.

இரண்டாவதாக, நிபந்தனை போட்டுச் சரி செய்யக் கூடியதை நிபந்தனையால் சரி செய்யுங்கள். தடை என்பது கடைசி ஆயுதமாக இருக்கட்டும்.

மூன்றாவதாக, காலவரம்பு வேண்டும். ஆண்டுக்கணக்கில் கோப்பை இழுத்தடிப்பதும் ஒருவகைத் தண்டனையே.

நான்காவதாக, சொல்லக் கூடிய காரணத்தைச் சொல்லுங்கள். சொல்ல முடியாத ரகசியம் உண்மையிலேயே இருந்தால், அதைச் சோதித்துப் பார்க்க அரசைச் சாராத ஒருவர் இருக்கட்டும். மீடியா ஒன் தீர்ப்பிலேயே நீதிமன்றத்துக்கு உதவியாக அப்படி ஒருவரை நியமிக்கும் வழி சொல்லப்பட்டிருக்கிறது.

ஐந்தாவதாக, எத்தனை பேரங்கள் வந்தன, எத்தனை அனுமதிக்கப்பட்டன, எத்தனை மறுக்கப்பட்டன என்ற கணக்கை ஆண்டுதோறும் நாடாளுமன்றத்தில் வையுங்கள். அமெரிக்கக் கமிட்டி தன் நாடாளுமன்றத்துக்கு ஆண்டறிக்கை தருகிறது. நம் மக்களவைக்கு அது தகாதா?

இவை அந்நியக் கம்பெனிகளுக்காக நாம் கேட்கும் சலுகைகள் அல்ல. கோடீஸ்வரக் கம்பெனிகளுக்கு வக்காலத்து வாங்க வேண்டிய அவசியம் நமக்கு இல்லை. நாட்டின் பாதுகாப்புக்காகவே இதைக் கேட்கிறோம். 2006-ல் அமெரிக்காவுக்கு வந்த கன்டெய்னர்களில் நூற்றுக்குச் சுமார் ஐந்துதான் சோதிக்கப்பட்டன. உண்மையான ஓட்டை அங்கே இருந்தது. ஆனால் நாடே கம்பெனி உரிமையாளரின் தலைப்பாகையைப் பார்த்துக் கொண்டிருந்தது. ஆறு முனையங்கள் கை மாறியதால் ஒரு பெட்டிகூடக் கூடுதலாகச் சோதிக்கப்படவில்லை. ஆட்களைப் பார்த்துச் சந்தேகப்படுகிறவன், ஆபத்தைப் பார்க்கத் தவறி விடுகிறான்.

சமுதாயத் தலைவர்களுக்கும் வழக்கறிஞர்களுக்கும் ஒரு வேண்டுகோள். ரால்ஸ் வழக்கையும் மீடியா ஒன் வழக்கையும் செலபி வழக்கையும் ஒருங்கே வைத்துப் படியுங்கள். தேசப் பாதுகாப்பு என்ற சொல் நீதிமன்றத்தில் எங்கே மதிக்கப்பட வேண்டும், எங்கே கேள்வி கேட்கப்பட வேண்டும் என்ற எல்லைக்கோடு அங்கேதான் வரையப்பட்டு வருகிறது. நம் நாடாளுமன்ற உறுப்பினர்கள் அவையில் இதைக் கேட்க வேண்டும்.

நாட்டைக் காக்க வேண்டும் என்பதில் நாம் யாருக்கும் இளைத்தவர்கள் அல்லர். சல்லடை இருக்கட்டும், அதன் கண்கள் நுணுக்கமாகவே இருக்கட்டும். ஆனால் எல்லோருக்கும் ஒரே சல்லடையாக இருக்கட்டும்!